பன்னிரண்டின்மேல் ஒரு பிளாஸ்திரி

மண்ணடிக் கடையில் ஹபீபுல்லா
பச்சைத் துணி விரித்து இரண்டு ஸ்கோப் வைத்தார்.
ஒன்று பத்து மடங்கு. அதில் திருக எதுவும் இல்லை.
மற்றது ஐந்திலிருந்து இருபத்தைந்து,
வளையம் திருகத் திருக அருகே வரும்.
இரண்டுக்கும் நடுவே உள்ள விலை
ஐ.சி.எஃப்.பில் வெல்டிங் தையலுக்கு டார்ச் அடித்து
நான் சம்பாதிக்கும் நாலு மாதம்.

"துப்பாக்கி கிளப்பு லாக்கர்ல தானே கீது?
கண்ணாடிய மட்டும் எடுத்துனு போ, ரெண்டு நாள் பாரு.
கீறல் வுழுந்தா உன்னுது."

போட்டியில் என் பக்கத்தில் படுத்துக் காற்று சொல்பவன் தேவநேசன்.
போனில் சொன்னான்:
"பெரிசு வாங்காத. இருபத்தஞ்சுல கானல் கொதிக்கும்.
பொட்டு அகலத்துக்குத்தான் வெளிச்சம் வரும்,
கண்ண ஒரு நூல் நகத்தினா இருட்டு."
சொன்னவன் வைத்திருப்பது இருபத்தைந்து.

ஞாயிறு காலை ஆறு மணி.
தண்டையார்பேட்டை, வாரியக் குடியிருப்பு,
ஒன்பதாவது மாடிக்கும் மேலே
தண்ணீர்த் தொட்டி ஓரம் குப்புறப் படுத்தேன்.
ரேஷன் அரிசிப் பைமேல் குழாய்.

கடலில் முறைக்குக் காத்திருக்கும் கப்பல்,
அதன் தளத்தில் ஒருவன் சட்டை பிழிந்தான்.
முகம் தெரியவில்லை, பிழிவது தெரிந்தது.
என் நெஞ்சு ஒருமுறை அடிக்க
கப்பல் ஒரு மாடி உயரம் எகிறி இறங்கியது.

எட்டரைக்குத் தகரக் கூரைகள் சூடேற
கானல் கிளம்பியது.
பழைய தமிழில் கானல் என்றால் கடலோரச் சோலை.
இங்கே கரையெல்லாம் கருங்கல் கொட்டியிருக்கிறது.
மரம் போய்ச் சொல் மட்டும் நடுங்கி
வலமிருந்து இடம் ஓடுகிறது,
மணிக்கு எட்டுக் கிலோமீட்டர்.
பன்னிரண்டு மடங்கில் அது ஓடை, காற்றைப் படிக்கலாம்.
இருபத்தைந்தில் உலை.

துறைமுக மதிலுக்குள் காவல் கோபுரம்.
ஆயிரம் மீட்டர் இருக்கும், என் போட்டித் தூரம்.
வட்டம் முழுக்க ஒரு ஆள்.
முகம் இருக்க வேண்டிய இடத்தில்
இரண்டு கண்ணாடி. பைனாகுலர்.
நேரே என்னை.

குறுக்குக்கோடு அவன் இரண்டாம் பித்தான்மேல் நின்றது.
பதினொரு வருடமாக நான் ஓட்டை போட்டதெல்லாம் தாளில்.
அண்ணே, துப்பாக்கி இல்லை, வெறும் குழாய்,
அடியில் அஞ்சு கிலோ புழுங்கலரிசி
என்று எப்படிச் சொல்ல?

அவன் வலது கை முழங்கையோடு
வட்டத்துக்கு வெளியே போயிருந்தது.
எதற்கு? வயர்லெஸ்ஸுக்கா?
குழாயை நகர்த்தினால் கோபுரமே தொலையும்,
தேடித் தேடிக் கடலைத்தான் பிடிப்பேன்.
பித்தான் மேலும் கீழும், மேலும் கீழும்.

வளையத்தைத் திருகினேன்.
இருபது.
பதினாறு.
பன்னிரண்டு.
ஆள் சின்னதானான். கை வந்தது.
கையில் டீ டம்ளர்.
பக்கத்தில் இன்னொருத்தன், ஃபிளாஸ்க்கை மூடிக்கொண்டு.
இவ்வளவு நேரமும் இருந்திருக்கிறான்.

எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினேன்,
வணக்கமா சரணா, எனக்கே விளங்காமல்.
வெறுங்கண்ணுக்குக் கோபுரம் ஒரு தீக்குச்சி.
பதிலுக்கு அவன் கையைத் தூக்கினானா, தெரியாது.
மறுபடி குனிந்து பார்க்கக் கூசியது.

திங்கள் சாயங்காலம் மண்ணடி.
"எது?"
"பெரிசுதான்."
"தவணையா?"
"ஆறு."
கல்லாவில் கிடந்த பிளாஸ்திரியில்
நகம் அகலம் கிழித்து
வளையத்தில் பன்னிரண்டின்மேல் ஒட்டினேன்.
ஹபீபுல்லா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"புதுசுக்கு இன்னாத்துக்கும்மா கட்டு?"